மஞ்சள் அடித்த நாற்காலி

"செத்துப்போன போட்டோகிராபர் ஒருத்தன் எங்கிட்ட வந்து லைட்டிங் கத்துக்கினு போனான்" என்று பூவராகவன் சொல்லும்போது அத்திப்பட்டு டீக்கடையில் யாரும் டம்ளரைக்கூடக் கீழே வைப்பதில்லை. போகும்போது அவன் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனானாம். பழவேற்காட்டில் தான் பிடித்த கெண்டை மீன் போட்டோவுக்குள் அடங்காததால் லாரி மேல் ஏறி நின்று எடுத்தேன் என்று சொன்ன மனிதர். ஊர் அவர் பேச்சில் நூற்றுக்குத் தொண்ணூறு கழித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் பத்தையும் அவர் மனைவி பச்சையம்மா கழித்துவிடுவாள்.

ஆனால் அந்த நாற்காலி வந்தது உண்மை.

அனல் மின் நிலையத்தின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மறுநாளே பூவராகவனுக்கு நிறப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் சாம்பல் நிற பீரோ, சாம்பல் நிற மேசை, சாம்பல் நிறச் சட்டை. இனி தன் வீட்டுக்குள் சாம்பல் நிறம் செருப்பைக் கழற்றிவிட்டுக்கூட நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஏழுமலையின் காயலான் கடைதான் அவருக்குக் கோயில். அங்கிருந்து வந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் பூந்தொட்டியானது. தையல் மிஷினின் இரும்புக் கால் டீப்பாயானது. மூக்குடைந்த ஜாடி ஒன்று கிளிப்பச்சை பூசிக்கொண்டு ஜன்னலில் மகாராணிபோல உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் செல்போனில் படமெடுத்துப் போடுவார். உலகமே வாயைப் பிளக்கிறது என்பார்.

"இது ஊடா, ஏழுமலை கடையோட பிராஞ்சா?" என்பாள் பச்சையம்மா.

அப்படித்தான் ஒரு நாள், மூடிப்போன போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் அந்த மர நாற்காலியும் ஆட்டோவில் வந்து இறங்கியது. உயரமான முதுகு, கைப்பிடியில் சிங்க முகம். சாய்மானத்தில், உட்காருபவரின் நெஞ்சு உயரத்துக்கு, இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு துளைகள்.

"இன்னா டிசைனு பாத்தியா? காத்து போக வழி வுட்டுக்கிறான்" என்றார் பூவராகவன்.

துளைகள் எதற்கென்று அவர் யாரையும் கேட்கவில்லை. கறுப்பு வார்னிஷை உரசி எடுத்துச் சாமந்தி மஞ்சள் அடித்தார். பழைய பட்டுப்புடவை ஒன்றின் அரக்குக் கரையைக் கிழித்து, அந்தத் துளைகள் வழியாகக் கோத்து, இரண்டு முனைகளையும் அழகாக முன்னால் தொங்கவிட்டார். கூடத்து நீலச் சுவருக்கு முன்னால் அதை வைத்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பெயிண்ட் காய்ந்த பிறகுதான் அந்த நெடி வந்தது. புளித்த மருந்து நெடி. பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் இருட்டறையில் வீசுமே, அது. அதற்கும் அடியில் வாடிய மாலையின் வாசம், அணைந்த ஊதுபத்தியின் வாசம்.

ஜன்னல்களைத் திறந்து வைத்தார். அது போகவில்லை.

காலி நாற்காலியைப் படமெடுத்தால் அற்புதமாக வந்தது. ஆள் உட்கார்ந்தால்தான் தகராறு. முதலில் பக்கத்து வீட்டு மோசஸை உட்கார வைத்தார். படத்தில் மோசஸின் கண்கள் மூடியிருந்தன. மறுபடி எடுத்தார். மூடியிருந்தன.

"ஏன்யா கண்ண மூடிக்கினு கீற?"

"நான் எங்க மூடினேன்? ஒன்னத்தான் மொறைச்சிக்கினு கீறேன். சீக்கிரம் எடு, நாஷ்டா துன்னல."

திரைச்சீலையை மாற்றினார். நாற்காலியைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார். விளக்கைப் போட்டார், அணைத்தார். மோசஸின் போனை வாங்கி அதிலும் எடுத்துப் பார்த்தார். எல்லாப் படத்திலும் மூடிய கண்கள். எல்லாப் படத்திலும் தாடை ஒரே அளவுக்கு மேலே தூக்கியிருந்தது. அடுத்து எதிர்வீட்டு பானு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அதே கண், அதே தாடை.

மோசஸ் கிளம்பும்போது மோவாயைத் தடவிக்கொண்டே போனார். "பூவு, இங்க யாரோ கை வெச்சா மாதிரி ஜில்லுனு கீதுப்பா."

பூவராகவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இப்படி ஒரு மஞ்சள், இப்படி ஒரு நீலம், நடுவில் ஒரு மனிதமுகம் மட்டும் ஒழுங்காக விழமாட்டேன் என்கிறது. வாரக்கணக்கில் இதே பேஜார். சோறு இறங்கவில்லை. கிளிப்பச்சை ஜாடியின் மேல்கூட எரிந்து விழுந்தார்.

கடைசியில் பச்சையம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "சாயந்தரம் ஏழுமலைய வண்டி எட்தாரச் சொல்லிட்டேன். இப்போ நான் ஒக்கார்றேன், எடு. கண்ணு தொறந்து வந்தா உன் சாமானெல்லாம் இருக்கட்டும். இல்லாங்காட்டி எல்லாம் வண்டியில ஏறணும். இந்த ஊட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உன் காயலான் கடை இருக்கணும்."

வெளியே நல்ல மத்தியான வெயில். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பச்சையம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பூவராகவன் போனைத் தூக்கிப் பிடித்த நேரத்தில் அது அடித்தது. ஏழுமலை.

"நைனா, வண்டி அனுப்பறேன். அந்த ஸ்டுடியோ சேரு கூடவா ரிட்டனு?"

"மொதல்ல அத்த எட்துனு போ. இன்னா சேருய்யா அது? ஒக்கார்றவன்லாம் தூங்கறான்."

ஏழுமலை கொஞ்சம் தயங்கினான். "நைனா, அது ஸ்டுடியோவுல ஒக்கார்ற சேரு இல்ல. சாவு ஊட்டுக்குத் தூக்கினு போற சேரு. அந்தக் காலத்துல பொணத்த ஒக்கார வெச்சு போட்டோ புடிப்பாங்கல்ல, அதுக்கு. சாயாம இருக்க நெஞ்சோட துணி கட்டுவாங்க. ஓட்டை அதுக்குத்தான். மூடின கண்ணு மேல அப்பறம் படத்துல கண்ணு வரைவாங்க. நான் சொல்லலாம்னுதான் இருந்தேன், நீ டிசைனு டிசைனுன்னு குதிச்சிக்கினு இருந்த."

பூவராகவன் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

பச்சையம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்ததே அவருக்கு முதல் திகில்.

முன்னால் தொங்கிக்கொண்டிருந்த அரக்குக் கரை இப்போது அவள் நெஞ்சைச் சுற்றி இறுகியிருந்தது.

அவர் கட்டவில்லை.

அவள் கண்கள் மூடியிருந்தன. தாடை மெல்ல, மிக மெல்ல, மேலே எழும்பியது. மோவாய்க்கு அடியில் இரண்டு விரல் பதிகிற அளவுக்குத் தோல் உள்ளே குழிந்தது.

போனைத் திருப்பிக் கேமராத் திரையைப் பார்த்தார். திரையில் நீலச் சுவர் இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று இருந்தது. அதன் இரண்டு மேல்முனைகளையும் யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் மட்டும் தெரிந்தன.

"அசையாதீங்கம்மா."

குரல் அவருடைய காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பொறுமையான, வேலையில் கவனமான குரல்.

கரையைப் பிடித்து இழுத்தார். இரும்புப்பட்டைபோல அசையவில்லை. பச்சையம்மாவின் கை ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததுபோல இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரலை வைத்தார். இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"அசையாதீங்க. இதோ ஆச்சு."

பூவராகவனுக்கு மந்திரம் தெரியாது. ஆனால் அந்தக் குரல்காரனுக்கு என்ன வேண்டும் என்பது படமெடுக்கிற அவருக்குப் புரிந்தது. அவனுக்கு அசையாத முகம் வேண்டும். அசையாத வாய் வேண்டும். அட பைத்தியக்காரா, போயும் போயும் பச்சையம்மாவிடமா?

அவள் காதருகே குனிந்தார்.

"பச்ச, ஒண்ணு சொல்லணும். நம்ம கல்யாணத்துக்கு உங்க அண்ணன் சின்னராசு சீர் குட்தானே, தேக்குக் கட்டில். அது செகண்ட் ஹேண்டு. வேற எவனோ படுத்துப் பொரண்டது. நான்தான் பாலீஷ் போட்டு மறைச்சேன்."

பச்சையம்மாவின் உதடு துடித்தது.

"ஓட்டைகூட இருந்துச்சு. மூட்டைப்பூச்சி கூட சீரா வந்துச்சு."

"யா..."

மோவாயின் குழி ஆழமானது. மேலே அழுத்திப் பிடிக்க எதுவோ போராடியது. பச்சையம்மாவின் தாடை அதைவிடப் பலமாகக் கீழே இறங்கியது. நாற்காலி கிறீச்சிட்டது.

"யாரப் பாத்துய்யா செகண்ட் ஹேண்டுன்ன? ராயபுரத்துல எங்கண்ணன் ஆர்டர் குட்து இழைச்ச தேக்கு அது. உங்க ஊட்ல அதுக்கு மின்ன எவன்யா கட்டில்ல படுத்தான்? உன் தங்கச்சிக்கு நீ வாங்கிக் குட்த பீரோவுக்குக் கதவாவது இருந்துச்சா?"

பட்டுக்கரை பட்டென்று அறுந்தது. பச்சையம்மா எழுந்து, இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு, அவருடைய பரம்பரையையே வரிசையில் நிற்க வைத்துத் திட்டினாள். அந்தத் திட்டு பக்கத்து ஊர் வள்ளூர் வரைக்கும் கேட்டது என்பார் பூவராகவன். அதற்கு நடுவில், காலி நாற்காலிக்குப் பின்னால், யாரோ "ச்ச" என்று நாக்கைச் சப்புக்கொட்டியது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல படம் கெட்டுப்போனவனின் அலுப்பு.

போன் தானாக ஒரு முறை கிளிக் என்றது.

அன்று சாயந்தரமே நாற்காலி வண்டியேறியது. மற்ற சாமான்கள் தப்பித்தன. டீக்கடைக்குக் கதை போனது, போகும்போது அவன் போட்ட கும்பிடும் சேர்ந்துகொண்டது. பச்சையம்மாவிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வெயிலுக்குக் கண்ண இருட்டிக்கினு வந்துச்சு. இந்தாளு இன்னாத்தயாவது அளப்பான்."

போன் தானாக எடுத்த படத்தைப் பூவராகவன் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டத்துக்கு ஆரஞ்சு அடித்து, நீலச் சுவரில் மாட்டினார். மஞ்சள் நாற்காலிக்கு முன்னால், கலைந்த புகைபோலப் பச்சையம்மாவின் முகம். அகலத் திறந்த வாய் மட்டும் தெளிவு. தன் வாழ்நாளின் சிறந்த படம் என்றார்.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு காலையில் டீக்கடைக்குக் கிளம்பியவரைப் பச்சையம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை. அதுவே அவரை நிறுத்தியது.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்திருந்தாள். வீட்டில் அந்தப் புளித்த நெடி.

படத்தில் புகைமூட்டம் இல்லை. முகம் துல்லியமாக இருந்தது. மூடிய இமைகளின் மேல் யாரோ மெல்லிய தூரிகையால் இரண்டு கண்களை வரைந்திருந்தார்கள். கன்னத்தில் லேசான ரோஜா நிறம். திறந்திருந்த வாய் முக்கால்வாசி மூடியிருந்தது. தாடை மேலே தூக்கியிருந்தது.

பச்சையம்மா வரைந்த கண்ணை விரலால் தொட்டாள். மை ஈரமாக ஒட்டியது.

"நெசந்தான்யா" என்றாள், மோவாயைத் தடவிக்கொண்டு. "நீ சொன்னதெல்லாம் நடந்துச்சு. ஜில்லுனு ரெண்டு வெரலு, அசையாதீங்கம்மான்னு ஒரு கொரலு. எல்லாம் நெசம். அவன் போய்ட்டான்னு மட்டும் டீக்கடையில சொல்லாத."