கூவ மறந்த தீவுக்கிளி

கிளி இருமியது. மனிதன் இருமுவது போலவே, இரண்டு முறை.

லோகேஸ்வரி பப்பாளித் துண்டைக் கூண்டில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கிள்ளான் துறைமுகத்தில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குள் திணித்துக் கடத்திவந்து பிடிபட்ட பன்னிரண்டு தீவுக்கிளிகளில் பிழைத்தது இது ஒன்றுதான். தகரக் கூரையில் மழை இரைய, டெட்டாலும் எச்சமும் ஈர இறகும் கலந்து நாறிய பறவைக் காப்பக அறையில், அவள் வழக்கம்போல் கைப்பேசியில் காட்டுக் கூட்டத்தின் கூவலை ஒலிக்கவிட்டாள். இனத்தின் குரல் மறக்காமலிருந்தால்தான் கிளியைத் தீவில் திரும்ப விட முடியும்.

கூவலைப் பதிவுசெய்தவன் அவள் கணவன் விமலன். நெடுமரப் பொந்துகளில் மட்டுமே முட்டையிடும் பறவை. குஞ்சுக்காகக் கடத்தல்காரர்கள் மரத்தையே சாய்ப்பார்கள். அந்த மரங்களைக் காக்கத் தீவுக்குப் போனவனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றார், கூடப்போன காப்பகத் தலைவர் கமலநாதன். உடல் கிடைக்கவில்லை.

கிளி பதிலுக்குக் கூவவில்லை. இயந்திர ரம்பம் போல உறுமியது. மரம் முறிவது போல நெடுநேரம் கிறீச்சிட்டது. பிறகு பேசியது.

"அண்ணே, காலு மாட்டிக்கிச்சு. மரத்தத் தூக்குங்கண்ணே."

விமலன் குரல்.

அதே அலகிலிருந்து இன்னொரு குரல், நிதானமாக: "கத்தாத லா. இங்க யாரும் வர மாட்டாங்க."

அதுவும் அவளுக்குத் தெரிந்த குரல். தினமும் கேட்கும் குரல்.

ஒருமுறை கேட்டதைக் கிளி பிடித்துக்கொள்ளாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நாள்கணக்கில். அப்படியானால் இதன் பொந்து இருந்த மரத்தடியில் விமலன் எத்தனை நாள்...

"நல்லா பேசுதே."

வாசலில் கமலநாதன். மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டியது.

"அண்ணே... நீங்களா?"

அவர் மேசையிலிருந்த அவள் கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஹரி ராயா பெருநாள் லீவுமா. பத்து நாளைக்கு யாரும் வர மாட்டாங்க."

கதவு. வெளித் தாழ்ப்பாள். விளக்கு அணைந்தது.

"கதவத் திறங்க! அண்ணே! கதவத் திறங்க!"

தட்டினாள். கத்தினாள். மழை. மறுபடி கத்தினாள். இருட்டில் கிளி வாயே திறக்கவில்லை. கம்பியில் நகங்கள் மெல்ல நகர்ந்து அவள் பக்கமாக வந்து நின்றன.

நான்காம் நாள் அவள் தொண்டை முற்றிலும் அடைத்துப்போனது. சுவரோடு சரிந்து, வாயைத் திறக்காமல் கிடந்தாள்.

"கதவத் திறங்க," என்றது அவள் குரல், கூண்டுக்குள்ளிருந்து.