தலையசைத்த பிறகு

கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. அவள் இன்னும் கையைத் தட்டவே இல்லை.

மேடையில் விழும் அறை கன்னத்தைத் தொடுவதே கிடையாது. அடிப்பவரின் கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போகும். அடி வாங்குபவர் அதே நொடியில், பார்வையாளர் கண்ணில் படாமல், இடுப்பருகே தன் கைகளைத் தட்டிக்கொள்வார். முன்வரிசைக்காரர் பதறிப்போய்த் தன் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். இந்தப் பித்தலாட்டம்தான் அவளுடைய பிழைப்பு. நாடகங்களுக்குச் சண்டை அமைப்பவள். குழுவில் எல்லாருக்கும் அவள் மாஸ்டர். நாயகிக்கு மட்டும் அக்கா. இத்தனை வருஷத்தில் அவள் அமைத்த சண்டையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

பிற்பகல் நேரம். அரங்கில் அவள் தனியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரும் இல்லை. ஜன்னலே இல்லாத கட்டடம் என்பதால் உள்ளே பகலும் இரவும் ஒன்றுதான். மேடைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு எரிந்தது. காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போயின. அவள் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. சத்தம் எதிரிலிருந்து, அடிப்பவன் நிற்க வேண்டிய இடத்திலிருந்து வந்திருந்தது. பழைய பலகை, சூட்டுக்கு எங்காவது விரிசல் விட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த அசைவுக்குப் போனாள்.

வீட்டுக்குப் போக அவசரமும் இல்லை. மாடியில் ஒற்றை அறை. குளிர்சாதனப்பெட்டியின் முனகலைத் தவிர அங்கே பேச்சுத்துணை கிடையாது. தம்பி எப்போதாவது கூப்பிட்டு நல்லா இருக்கியா என்பான். நல்லா இருக்கேன் என்பாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். யோசித்துப் பார்த்தால், பல வருஷமாக அவளைத் தொட்ட கைகளெல்லாம் அடிப்பதுபோல் நடித்த கைகள்தான். அதிலும் பெரும்பாலும் ஒரே ஆளுடையவை. அவளுடைய கூட்டாளி. சண்டை எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே அமைத்தார்கள். அவன் அடிப்பான், அவள் வாங்குவாள். சினிமா வேலை கிடைத்து அவன் மனைவி மக்களோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டான். அதிலிருந்து அவள் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

புதிய நாடகத்தில் கணவன் மனைவியின் கழுத்தை நெரிக்கும் காட்சி. பார்க்க ஈரக்குலை நடுங்கும், செய்வது சுலபம். நெரிப்பவனின் கைகள் தொண்டையில் இருக்காது, கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின் மேல் சும்மா இருக்கும். சாகிறவள்தான் அந்த மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பாள். அவனோ தன் கைகளை வெளியே இழுப்பான். இரண்டு இழுப்பும் மோதுவதில்தான் அந்த நடுக்கம், அந்த வெறி எல்லாம். குதிகாலைத் தானே தூக்கிக்கொள்வாள். போதும் என்று தோன்றினால் பிடியை விட்டால் சரி, அவன் கைகள் தாமாகவே விலகிவிடும். முக்கியமான விதி ஒன்று உண்டு. சாகிறவள் கண்ணைப் பார்த்துத் தலையசைக்காமல் கொல்கிறவன் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. கடிவாளம் எப்போதும் சாகிறவளிடம்.

அவள் காலி இடத்தைப் பார்த்தாள். கூட்டாளியின் கண்கள் இருக்கும் உயரத்தை நினைத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் தலையசைத்தாள்.

முதலில் வாசனை வந்தது, பூட்டியே கிடந்த உடைப்பெட்டியைத் திறந்ததுபோல் பாச்சை உருண்டையும் பழைய வியர்வையும் கலந்து. பிறகு காறை எலும்பின் மேல், இடமும் வலமுமாக, இரண்டு உள்ளங்கைகளின் வெதுவெதுப்பு மெதுவாக, யாரோ அனுமதி கேட்டுத் தொடுவதைப்போல வந்து அமர்ந்தது. எதையும் யோசிக்காமல் அவள் கைகள் மேலே போயின. பிடிப்பதற்கு அங்கே மணிக்கட்டுகள் இருந்தன. அவள் இழுத்தாள். அவை சரியான அளவில், சரியான நேரத்தில், வெளியே இழுத்தன.

அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. யாரோ தன்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்து, நின்று, தலையசைத்தாள். அறை, தள்ளல், நெரிப்பு என்று ஒவ்வொன்றாக அதற்குப் பழக்கினாள். கெட்டிக்கார ஆள், ஒருமுறை காட்டினால் போதும். பிடியை விட்டதும் விலகுகிற இடத்தை மட்டும் அவள் பழக்கவில்லை. விட்டால் கைகள் போய்விடும் என்று பயந்தாள். வெளியே கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை பிடித்துக்கொண்டே நிற்பாள். கதவுச் சத்தம் கேட்டதும் அது தானாகவே இல்லாமல் போகும்.

ஒரு மாலை கூட்டாளிக்குப் போன் செய்தாள். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிய வேண்டியிருந்தது, அதை எப்படிக் கேட்பது. அவன் வாய் நிறையச் சோற்றோடு பேசினான். பின்னால் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப யார் கூட ப்ராக்டிஸ் பண்றே?" என்று கேட்டான்.

"புதுசா ஒரு ஆள்."

"கை எப்படி?"

"உன் கை மாதிரியேதான்."

அவன் சிரித்தான். அவள் போனை வைத்தாள். அவன் உயிரோடுதான் இருக்கிறான், அந்தக் கைகள் அவனுடையவை இல்லை. அப்படியானால் யாருடைய கைகள்? அந்தக் கேள்வியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டாள்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள். கடைசியாக ஒருமுறை என்று போனாள். தலையசைத்தாள். வாசனை வந்தது, கைகள் வந்தன. அவள் இழுத்தாள்.

எதிரில் இழுப்பு இல்லை.

இழுத்த வேகத்தில் கைகள் அப்படியே உள்ளே வந்தன. எலும்பைத் தாண்டி மேலே ஏறின. கட்டைவிரல்கள் தொண்டைக் குழியைத் தேடின. பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக. அவள் பிடியை விட்டாள். கைகளைக் கீழே போட்டாள். விதி அதுதான். விட்டால் விலக வேண்டும்.

விலகவில்லை.

மேல் விளக்கு மங்கியது. காதில் ஒரு இரைச்சல். கால் பலகையில் இருக்கிறதா, தெரியவில்லை. எங்கோ தொலைவில் கதவு கிறீச்சிட்டது. மறுகணம் அவள் தரையில் கிடந்தாள். உள்ளே வந்த குழுவின் மேனேஜர், வயசுக்குத் தக்க வேலை செய்யுங்கள் மாஸ்டர் என்று கேலி செய்தபடியே தண்ணீர் கொடுத்தார்.

யாரிடம் சொல்வது? சொன்னால் மாஸ்டருக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். அத்தோடு வேலையும் போகும், மிச்சம் இருப்பது அந்த மாடி அறைதான். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டைக்குள் பத்து விரல் தடத்தையும் மறைத்துக்கொண்டாள். இனிமேல் அந்த மேடையில் தனியாக நிற்பதில்லை, தலையசைப்பதும் இல்லை. கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அது போய்விடும் என்று நம்பினாள்.

அரங்கேற்ற நாள். காட்சிக்கு முன் சண்டைகளை ஒருமுறை மெதுவாகச் செய்து பார்ப்பது வழக்கம். மேடைக்குப் போக மனம் வராமல் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் பக்கத்திரை ஓரம் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவனாக நடிப்பவன் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டானாம். நாயகி மட்டும் மேடை நடுவில், வெறுங்காலோடு கைகளை உதறிக்கொண்டிருந்தாள். இந்தக் குழுவில் மாஸ்டருக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவருகிற ஒரே ஆள் அவள்.

"அவர் வர்ற வரைக்கும் என் பங்கை நான் தனியா பாத்துக்கறேன்க்கா."

மாஸ்டர் எழுந்துவிட்டாள். "வேண்டாம். ஆள் இல்லாம பண்ணாதே. அளவு கெட்டுடும்."

நாயகி கைகளை உதறியபடியே நிமிர்ந்தாள். "நீங்க பண்றீங்களே? போன வாரம் உங்களுக்கும் முன்னாடியே வந்துட்டேன், ஓரமா நின்னு பாத்தேன். எதிர்ல நிஜமாவே யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சுக்கா. எனக்கும் அப்படி வரணும்."

"இறங்கு. சொல்றதைக் கேளு, மேடையை விட்டு இறங்கு."

நாயகி சிரித்தாள். அக்காவுக்கு முதல் நாள் படபடப்பு என்று நினைத்திருப்பாள். காலி இடத்துக்குத் திரும்பினாள். நிமிர்ந்து, சற்று உயரத்தில், இல்லாத கண்களைப் பார்த்தாள்.

தலையசைத்தாள்.

மாஸ்டர் ஓடினாள். இரண்டு பக்கமும் நாற்காலிகள். முழங்கால் எதிலோ இடித்தது. மேடை நகர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. பாச்சை உருண்டை நாற்றம். நடு வரிசையிலேயே.

நாயகியின் கைகள் மேலே போய் எதையோ பற்றின. முகத்தில் ஒரு வியப்பு. குதிகால்கள் எழும்பின.

"அடேயப்பா," என்றார் மேனேஜர்.

"விட்டுடு! கையை விட்டுடு!" மாஸ்டர் கத்தினாள்.

நாயகி சொன்னபடியே செய்தாள். பிடியை விட்டாள். இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின, விரல்கள் விரிந்து, கற்றுக்கொடுத்த மாதிரியே.

முகவாய் இறங்கவில்லை. குதிகால் இறங்கவில்லை. கழுத்தின் தோலில் பள்ளங்கள். நான்கு இந்தப் பக்கம். நான்கு அந்தப் பக்கம். நடுவில் இரண்டு, இன்னும் ஆழமாக. விடுவதை அவள் அதற்குப் பழக்கவே இல்லை.

நாயகியின் கண்கள் அக்காவைத் தேடின. மேனேஜர் சொக்கிப்போய்க் கைதட்டிக்கொண்டிருந்தார். கால் பெருவிரல்கள் பலகையைத் தடவின, ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு அவற்றுக்குப் பலகை எட்டவில்லை.