கவுனின் ஓரம்

பாப்பாவின் கவுன் ஒரு பக்கம் தாழ்ந்து தொங்கியது.

வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. ஆனால் பாப்பாவின் அம்மா தையல்காரி. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலர் கோணலாக இருந்தால்கூட இறங்குகிற வரைக்கும் அவள் கண் அதைவிட்டு நகராது. ஊர்த் துணியெல்லாம் உன்கிட்டதான் வந்து பதில் சொல்லணுமா என்று கணவன் கேலி செய்வான். போன வாரம் சொந்தக் கையால் மகளுக்குத் தைத்த நீலக் கவுன், ஏதோ கனம் பிடித்து இழுத்த மாதிரி இடப்பக்கம் இறங்கியிருந்தது. பாப்பா சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டு வந்தபோதே பார்த்துவிட்டாள். கையில் ஒரு பேண்ட் இருந்தது, கால் நீளத்தைக் குறைத்து ஊசியால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இதை முடித்துவிட்டு அதைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டாள்.

பாப்பா சோபாவில் சுருண்டு படுத்து, கவுனின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையில் பிடித்த பழக்கம். ஒன்றாம் வகுப்புக்கு வந்தும் விடவில்லை. சப்பிக்கொண்டேதான் தூக்கம் வரும், எந்தக் கவுனை எடுத்தாலும் ஓரம் நைந்து கிடக்கும். விட முடியாத பழக்கத்தைப் பற்றி மகளைக் கண்டிக்க அவளுக்கு வாய் ஏது?

அவளுடையது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. முன்பொரு நாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, சாகப்போகிறோம் என்று அலறிக்கொண்டு இறங்கியபோது ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு போதாமல் போயிற்று. ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டர், ஒரு மருந்துக்கடைக்குத் தெரியாமல் இன்னொரு மருந்துக்கடை. பட்டப்பகலில் நினைவு அறுந்துபோகும். கண் விழித்தால் எதிரே துணி தைத்து, மடித்து, அடுக்கி வைத்திருக்கும். தைத்தது ஞாபகம் இருக்காது. பாப்பாவைப் பள்ளி வாசலில் இருட்டும்வரை நிற்கவைத்த அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது. கணவன் மறுநாளே அவளை வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனான்.

இதை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்று புது டாக்டரம்மா சொன்னார். குறைக்கக் குறைக்கக் காது கூர்மையாகும், தோலில் எறும்பு ஊரும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் குலை நடுங்கும் என்றும் சொன்னார்.

"அந்தப் பயத்தை நம்பாதீங்க. அது மாத்திரை கேக்குற பயம்."

கணவன் மாத்திரை அட்டையைப் பீரோவில் பூட்டிவைத்து, தினமும் பிளேடால் நறுக்கித் துண்டு துண்டாகக் கொடுத்தான். ஒளித்துவைத்திருந்ததையெல்லாம் அவளே காட்டிக்கொடுத்தாள். பட்டன் டப்பா, பழைய செருப்பு, தலையணை உறை. வேறு எங்கேயும் இல்லையே என்று கேட்டான். பாப்பாவின் தலையில் கைவைத்து இல்லை என்றாள். மனதறிந்து உண்மையைத்தான் சொன்னாள்.

"இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, பாப்பாவை எங்க அக்கா வீட்ல விட்ருவேன்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. சொன்னால் செய்கிறவன். அன்றிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

பேண்ட்டை முடித்தபோது அறையில் வெளிச்சம் மங்கியிருந்தது. வெளியே மழை கட்டி நின்றது. ஃபிரிட்ஜின் முனகல், குழாய்க்குள் நீர் இறங்கும் சத்தம், ஜன்னல் கண்ணாடியில் முட்டி முட்டித் திரும்பும் ஈயின் சத்தம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் காதுக்குள் ஏறி உட்கார, அத்தனைக்கும் அடியில் பாப்பாவின் மூச்சு மட்டும் மெல்ல, மிக மெல்ல, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ஆள் நடந்துபோகலாம் என்கிற இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. மாத்திரை கேக்குற பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளையாடிக் களைத்த குழந்தை அப்படித்தான் தூங்கும்.

சின்னக் கத்தரி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள். தையல் மெஷினின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து அவள் மெஷினில் உட்காரவேயில்லை. மோட்டாரைத் தொட்டாள். சூடு. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி ஒரு சூடு. எண்ணெய் வாடை அறையில் நின்றது. ஊசியில் கோத்திருந்த நூல் நீலம். விளக்கை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டு, பாப்பாவின் பிடிக்கு வெளியே கிடந்த ஓரத்தை விரலால் தடவினாள். மடிப்புக்குள் ஏதோ நெருடியது. குட்டிக் குட்டியாக, வரிசையாக. பட்டனாக இருக்கும் என்று நினைத்தாள். கவுனின் ஓரத்துக்குள் யார் பட்டன் வைப்பார்கள்? கத்தரி நுனியால் இரண்டு தையலைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஒன்று உருண்டு விழுந்தது.

வெள்ளை. நடுவில் கோடு.

இன்னும் பிரித்தாள். இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை, ஒன்றோடொன்று உரசாதபடி குறுக்கே தையல். முடிவில் பின்தையல், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று, நகக்கண் அளவு விட்டு வெட்டிய நூல். உன் கையெழுத்து என்று கணவன் சொல்லும் முடிச்சு. ஊரில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை.

நான் இல்லை. நான் வைக்கவில்லை. அவள் சத்தமாகவே சொன்னாள். ஆனால் அவள் இல்லாத நேரத்தில் அவள் கையை எடுத்துக்கொண்டு யாரோ இந்த வீட்டில் நடமாடியிருக்கிறார்கள். கடைக்குப் போயிருக்கிறார்கள். விளக்கைப் போட்டு உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். கணவன் கை வைக்காத ஒரே இடம் பாப்பாவின் துணி என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம்தான் பாப்பாவின் வாயைப் பார்த்தாள்.

ஓரத்தின் அந்தப் பக்கம் நனைந்து, கடித்து, கிழிந்திருந்தது. மெல்ல இழுத்தாள். அறை காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும். பாப்பாவின் உதட்டோரம் வெள்ளையாக மாவு.

"பாப்பா. எந்திரி. அம்மா கூப்பிடுறேன்ல."

உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கன்னத்தில் தட்டினாள். இமை அசையவில்லை. முஷ்டி மட்டும் கவுனை விடவில்லை.

போன். ஆம்புலன்ஸ். கணவன் லிஃப்ட் ரிப்பேர்காரன், எங்கோ ஒரு கட்டிடத்தில் கிணறு மாதிரி ஒரு குழிக்குள் நிற்பான். அவனிடம் என்னவென்று சொல்வது? பாப்பாவின் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை எப்படிச் சொல்வது? பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். போகட்டும். உயிரோடு போகட்டும். போனை எடுத்தாள். கை ஆடியது. விரல் ஒரு எண்ணில் வைத்தால் இன்னொன்றில் விழுந்தது. பல் கிடுகிடுத்தது. இப்படிக் குழறினால் யாருக்குப் புரியும்? விலாசம் சொல்லவேண்டும். குழந்தையைத் தூக்கவேண்டும். கை நின்றால் போதும். ஒரு நிமிஷம், கை நின்றால் போதும்.

உள்ளங்கையில் இரண்டும் இருந்தன.

பாப்பாவுக்காகத்தான் என்று நினைத்தாள். நாக்கில் அந்தக் கசப்பு பட்டதும் உடம்பு முழுக்க நன்றி சொன்னது. இத்தனை நாள் பட்டினிக்கு இது கொஞ்சம்தான். ஓரத்தில் இன்னும் இருந்தது. அதையும் பிரித்தாள்.

கண்ணை மூடினாள். திறந்தாள்.

இருட்டு. மழை பெய்து ஓய்ந்த வாடை.

கை நடுங்கவில்லை. நெஞ்சு அடிக்கவில்லை. எவ்வளவு அமைதி. போன் பண்ணினோமா? பண்ணியிருப்போம். வந்துகொண்டிருப்பார்கள்.

எங்கோ மெஷின் ஓடியது. டகடகடக. நின்றது. டகடகடக. நேர்த்தியான கை, அவசரப்படாத கை. யார் அது? பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயப்பட ஆசைப்பட்டாள். வரவில்லை.

சத்தம் பக்கத்து அறையில் இல்லை. இங்கே.

மஞ்சள் விளக்கு. அதன் வட்டத்துக்குள் நீல ஓரம் நகர்ந்துபோய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு அறையாகத் தைத்து மூடியபடி. மேஜையில் போன் திறந்து கிடந்தது, பாதி அடித்த எண்ணோடு. மிதியின் மேல் ஒரு கால். அவள் கால்.

மடியில் கனம்.

பாப்பாவின் தலை அவள் முழங்கை மடிப்பில் கிடந்தது. கவுனைக் குழந்தையின் மேலிருந்து கழற்றவில்லை. ஓரம் ஊசிக்கு அடியில் போகப்போக, அதைப் பிடித்திருந்த சின்ன முஷ்டியும் கூடவே ஊர்ந்து வந்தது.

"விட்ருடா தங்கம்" என்றாள்.

கால் நிற்கவில்லை. டகடகடக. சின்ன விரல்கள் வெளிச்சத்துக்குள் வந்தன. ஊசி ஏறி இறங்கியது. பாப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை.