யூனியன்வில் வீட்டுப் படையல்

கிளைவின் கையைக் கழுவிவிடும்போதுதான் ஜெயமலர் அதைக் கண்டாள். நகக்கண்களில் செம்மண். மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காத மனிதர். வெளியே, கனடாவின் யூனியன்வில் முழுக்க இன்னும் கரையாத பனி. சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மண்ணோடு ஒரு நாற்றமும் கிளம்பியது, வெயிலில் கிடந்து வெடித்த மீன் குடலின் நாற்றம், தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும் இனிப்பான அழுகல்.

வயோதிபரைப் பராமரிக்கும் வேலையில் அவள் பார்க்காத அருவருப்பில்லை. இது வேறு. கிளைவ், கனடாவுக்கு வரும் முன்னர், இருபது வயதில் அவுஸ்திரேலியப் படையோடு வியட்நாமுக்குப் போனவர். றப்பர் தோட்டத்தில் மழைக்குள் நடந்த சண்டையையும், ஊதிப்போன பிணங்களை மறுநாள் கையால் இழுத்துப் புதைத்ததையும், இழுத்தபோது தோல் கையுறைபோலக் கழன்று வந்ததையும் அவளுக்குச் சொல்லியிருந்தார். இப்போது எதை ஊட்டினாலும் அந்த நாற்றம்தான் என்று முகத்தைத் திருப்பினார். ஒரு கிழமையாகத் தண்ணீர் மட்டும். இப்படியே போனால் மனுசன் பட்டினியாலேயே செத்துப்போகும்.

செத்தவர்களின் பசி தீராவிட்டால் இருக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது என்பது ஜெயமலரின் நம்பிக்கை. ஷெல்லடியில் போன தம்பிக்கு வருடாவருடம் படைக்கிறவள், கிளைவின் கூட்டாளிகளுக்கும் படைத்துவிட நினைத்தாள். அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து அறையில் வாழையிலை விரித்துச் சோறும் கறியும் வைத்தாள். அவுஸ்திரேலியர்களாயிற்றே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ரின் பேணியில் அடைத்த மாட்டிறைச்சியும் கொட்டினாள். பெயர்கள் தெரியாது. கற்பூரம் கொளுத்தி, "இவர் கையாலை புதைச்ச எல்லாரும் வந்து சாப்பிடுங்கோ" என்று கூப்பிட்டு, முறைப்படி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

என்ன செய்தாய் என்று கிளைவ் கேட்டார். சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது.

"எங்கள் பெடியன்களைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டோம்," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. "நான் புதைத்தது நாங்கள் கொன்றவர்களை."

சுவருக்கு அப்பால் ஏதோ சப்பும் சத்தம். ஈரமாக. பிறகு இன்னொரு வாய். பல வாய்கள். பிறகு ஒன்றுமில்லை.

அவள் போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். மாட்டிறைச்சி வைத்தபடியே இருந்தது. சோற்றில் ஒரு பருக்கை இல்லை. இலை முழுக்கச் செஞ்சேறு. அதில் புழு நெளிந்தது. வெறுங்கால் தடங்கள் கிளைவின் அறைச் சுவருக்கு நேரே போய், சுவரில் முடிந்தன.

ஓடினாள்.

கிளைவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் பிதுங்க, கன்னம் உப்ப, விழுங்கிக்கொண்டிருந்தார். சோறும் சேறும் நாடியில் வழிந்தன. அவருடைய கைகள் இரண்டும் போர்வையின் மேல் அசையாமல் கிடந்தன.

தலைமாட்டிலிருந்து நீண்ட தோலில்லாத கை ஒன்று, குழந்தைக்கு ஊட்டுவதுபோல, அடுத்த கவளத்தைப் பக்குவமாக உருட்டிக்கொண்டிருந்தது.