தலைகீழாய் வந்த புள்ளி

போன் அலறியது.

யாழினி பாய்ந்து எடுத்தாள். இன்ஸ்பெக்டர் வஹீதா.

"முக்கொம்பு அணையில ஷட்டரைத் தூக்கிட்டாங்கம்மா. கொள்ளிடத்துல தண்ணி வருது. உங்க வீட்டுக்காரர் மணல் பக்கம் போயிருந்தா... சீக்கிரம் ஏதாவது சொல்லுங்க."



ஆற்று மணல் குவாரிகளை மேப்பில் வரைவதுதான் அவளும் கணவன் வளவனும் வேலை பார்க்கும் அந்தச் சின்ன ஸ்ரீரங்கம் ஆபீஸின் தொழில். யாரோ எல்லைக்கோடுகளை ரகசியமாக நகர்த்தி, மணல் திருடர்களுக்கு வழி விட்டிருந்தார்கள். யாரென்று பார்த்துவிடுவதாகச் சொல்லி நேற்றுக் கிளம்பிய வளவன் திரும்பவில்லை. அவன் காயப்போட்ட துண்டு வீட்டுக் கொடியிலேயே கிடந்தது. அதை எடுத்து மடிக்க அவளுக்குப் பயம்.

பக்கத்து நாற்காலியில் அன்புச்செல்வன். கூட வேலை பார்ப்பவன். சர்வரில் வளவனின் போனிலிருந்து எதுவுமே வரவில்லை என்று அவன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான்.

டிங்!

வளவன் நம்பரிலிருந்து மெசேஜ்! அவன் எழுதிய ஆப், இருக்கும் இடத்தை அனுப்பும் அதே ஒற்றை வரி. 'பாயின்ட்', அடைப்புக்குறி, இரண்டு எண்கள். 10.92, 78.74.

எண்களைக் கம்ப்யூட்டரில் பைத்தான் ஸ்கிரிப்டில் போட்டு மேப்புக்கு மாற்றினாள்.

புள்ளி வட துருவத்துப் பனியில் போய் விழுந்தது...

"நம்பர் ரெண்டும் இடம் மாறியிருக்குங்க யாழினி," என்றான் அன்பு. "திருப்பிப் போடுங்க."

போட்டாள்.

சமயபுரம். ஒரு லாட்ஜ்.

வஹீதாவுக்குச் சொன்னாள். போலீஸ் ஜீப் பறந்தது.

யாழினி மட்டும் திரையையே பார்த்தாள்.

ஆப் தப்புச் செய்யாது. மேப் ஃபார்மட்டின் விதிப்படி தீர்க்கரேகையைத்தான் முதலில் எழுதும். இந்த வரியை மெஷின் எழுதவில்லை... ஒரு கை டைப் அடித்திருக்கிறது! எப்போதும் அட்சரேகையை முதலில் எழுதிப் பழகிய கை.

ஆபீஸில் அப்படி ஒரு கைதான் உண்டு. அதன் ஸ்கிரிப்டுகளை எத்தனை முறை திருத்தியிருக்கிறாள்!

அந்தக் கை இப்போது அவளருகே டீ கிளாஸைப் பிடித்திருந்தது. வளவனின் போனும் அதனிடம்தான் இருக்க வேண்டும்.

அழுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் போனிலேயே சர்வரின் பேக்கப்பைத் திறந்தாள்.

வளவனின் போன் நேற்று மாலை அனுப்பிய இடம் அதில் இருந்தது... சர்வரில் அழித்த அன்பு இதை மறந்திருக்கிறான். சர்வர் சேமித்து வைக்கும், எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட சரம். கண்ணால் படித்தால் குப்பை. புள்ளியாக மாற்ற, பைத்தானில் ஒரே வரி.

கொள்ளிடம். நடு ஆற்று மணல் குழி!

இடத்தையும் ஒரு பெயரையும் வஹீதாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

"போன்ல என்னங்க பாக்கறீங்க?" என்றான் அன்பு.

"சாமி படம்."

"தைரியமா இருங்க. சமயபுரத்தாள் கைவிட மாட்டா."

அவள் தலையாட்டினாள். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும்? வளவனுக்கு நீச்சல் தெரியுமா? இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லையே... 

போன்!

வஹீதாவின் குரலுக்குப் பின்னால் ஆற்றின் இரைச்சல்.

"கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க. கழுத்து வரைக்கும் தண்ணி... மூச்சு இருக்கும்மா."

யாழினி போனை மேஜையில் வைத்தாள். மெல்லத் திரும்பினாள்.

"கொள்ளிடத்துல கெடைச்சுட்டாருங்க, அன்பு. சமயபுரத்துல இல்ல."

டீ கிளாஸ் உருண்டது. அன்பு வாசலுக்கு ஓடினான்.

மாடிப்படியில் இரண்டு கான்ஸ்டபிள்கள்!

"எங்க... எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

மூத்தவர் அவன் தோளில் கை போட்டார்.

"ஸ்டேஷனுக்குத்தான். நீங்க வழி சொல்ல வேணாம் தம்பி. அந்த இடம் எங்களுக்கு நல்லாவே தெரியும்."