அந்த வீட்டில் குடியிருப்போர்

மனைவி போன பிறகு கண்ணாடிக்கடைக்காரருக்கு இருவரும் வாழ்ந்த அடுக்குமாடி வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தாத்தா கட்டிய பழைய வீடு ஒன்று, வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனதில் பூட்டிக் கிடந்தது. இரண்டு பெட்டியும் ஒரு கணினியுமாக ஒரு மழைநாளில் அங்கே வந்து இறங்கினார்.

கதவைத் திறந்ததும் ஈரத் தலைமுடியின் வாடை. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த நாட்களில் அவருக்கு எதுவுமே உறைக்கவில்லை. பசி, தூக்கம், துக்கம் எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

தம்பி இப்படியே கிடந்தால் ஆகாது என்று அக்காதான் ஒரு வேலை கொடுத்தாள். குடும்ப வரலாறு எழுத வேண்டும். பழைய மக்கள்தொகைக் கணக்கெல்லாம் ஒரு இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள்.

"நெட்டுல பாத்தேன்னு மொட்டையா எழுதி வெக்காத," என்றாள் போனில். "எந்தத் தளம், எந்தப் பதிவு, என்னைக்குப் பாத்த, எல்லாம் அடிக்குறிப்புல வரணும். நாளைக்கு ஒருத்தர் தேடினா நேரா அங்க போய் நிக்கணும்."

முதல் பதிவே இடித்தது. தாத்தா, பாட்டி, அப்பா, இரண்டு சித்தப்பாக்கள். அவர்களுக்குக் கீழே இன்னொரு வரி: பாப்பா, மகள், வயது எட்டு.

"அக்கா, நமக்கு அத்தைன்னு யாராவது இருந்தாங்களா?"

"ஏது அத்தை? அப்பாகூடப் பொறந்தது ரெண்டும் ஆம்பளைங்கதான். டைப் அடிச்சவன் கோட்டை விட்டிருப்பான். அத நம்பி எழுதாத. கையெழுத்துப் பக்கத்தோட படம் இருக்கும், அதத் திறந்து பாரு."

திறந்தார். மங்கிய மையில், சாய்வான எழுத்தில், அதே வரி.

அடுத்த கணக்கெடுப்பு பத்து வருடம் கழித்து. அப்பாவுக்குப் பத்து வயது கூடியிருந்தது.

பாப்பாவுக்கு எட்டு.

அதற்கடுத்ததில் வீடு வாடகைக்குப் போயிருந்தது. ஒரு தையற்காரர், அவர் மனைவி, இரண்டு பையன்கள். பாப்பா, மகள், எட்டு. அதற்கும் அடுத்ததில் கல்யாணமாகாத ஒரு ஆசிரியை மட்டும். அவளுக்கும் ஒரு மகள்.

எட்டு.

ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. அவர் ஒவ்வொன்றுக்கும் பார்த்த தேதியோடு ஒழுங்காக அடிக்குறிப்பு எழுதினார். பயம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

மாடியில் வெறுங்கால்கள் ஓடின. படியில் இறங்கி வந்தன.

அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றன.

திரும்பிப் பார்க்காமல், கடைசியாகக் குடியிருந்தவருக்குப் போன் போட்டார். ஏன் காலி செய்தீர்கள் என்று கேட்டார்.

அந்த மனிதர் குரலைத் தாழ்த்தினார். "கிளம்பற அன்னிக்கு என் சம்சாரம் வண்டியில ஏறமாட்டேன்னுட்டா சார். பாப்பாவ விட்டுட்டு எப்படி வர்றதுன்னு ஒரே அழுகை. எங்களுக்கு ஏது சார் பாப்பா? உங்களுக்குக் குழந்தைங்க உண்டா?"

"இல்ல."

"அப்ப இன்னிக்கே கிளம்பிடுங்க."

கிளம்புவதென்றுதான் முடிவு செய்தார். மறுநாள் மதியம் பெட்டிகளை வாசலுக்கு இழுத்து வந்தபோது, குடையும் அடையாள அட்டையுமாக ஒரு இளம்பெண் நின்றாள். அந்த வருடக் கணக்கெடுப்புக்கு வந்தவள்.

"வீட்டுல எத்தனை பேர் சார்?"

"நான் மட்டும்தான்."

எழுதப் போனவள் நிமிர்ந்தாள். பார்வை அவர் இடுப்பருகே இறங்கியது. முகம் மலர்ந்தது.

"அப்ப இது யாரு?"

சில்லென்ற சின்ன விரல்கள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பற்றின.

மருத்துவமனையில் மனைவியின் கை நழுவியதிலிருந்து மரத்துப்போயிருந்த கை அது. இப்போது ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பாப்பாவுக்கு என்ன வயசு சார்?"

"எட்டு."

"உங்களுக்கு என்ன உறவு?"

விரல்கள் காத்திருந்தன.

"மக," என்றார்.

அவள் எழுதிக்கொண்டு, குனிந்து டாட்டா காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பெட்டிகள் வெளியே நனைந்துகொண்டிருந்தன. அவர் உள்ளே வந்தார்.

அவருக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்தித் தாழிட்டுக்கொண்டது.