மூலப்படத்துக்கு அழுதவள்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. அழுகையை அளந்து படத்துக்குச் சான்று கொடுத்த காலத்தில் நடந்தது ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் கனமான கதைதான், பக்கத்திலேயே இருங்கள்.

அப்போதெல்லாம் வேற்றுமொழிப் படத்தைத் தமிழில் மறுபடி எடுத்தால் அது உணர்வுமானியில் தேற வேண்டும். நடுவரின் நெற்றியில் பட்டையைக் கட்டி முதல் நாள் மூலப்படத்தைக் காட்டுவார்கள், மறுநாள் தமிழ்ப்படத்தை. நெஞ்சு அங்கே கனத்த அளவு இங்கேயும் கனக்க வேண்டும். குறைந்தால் படத்தை மிச்சமில்லாமல் அழித்துவிடுவார்கள். ஒரே கதைக்கு இரண்டு முறை அழுகை வராதே? அதற்காக நடுவில் ஒரு மறதி ஊசி. மூலம் பார்க்கையில் மூளையில் எந்தெந்த இடம் விழித்துக்கொண்டதோ, அதையெல்லாம் தேடிப்போய் அணைத்துவிடும்.

செண்பகவடிவு பேர்பெற்ற நடுவர். அன்று அவள் பார்த்தது ஜெபமணி என்ற இளம் இயக்குநர் பழவேற்காட்டில் எடுத்திருந்த படம். ஃபின்லாந்துக் கதை. ஏரியில் மூழ்கிப்போன மகளின் ஈரக் காலணியைத் தாய் தினமும் காயவைக்கிறாள்.

விளக்கைப் போட்டார்கள். உணர்வுமானியின் முள் அசையவே இல்லை.

"மேடம், அந்தக் காலணி சீன்ல கூடவா ஒண்ணும் தோணல?" என்றான் ஜெபமணி. வீட்டை விற்று எடுத்த படம்.

"தோணலியே தம்பி. அதுக்குன்னு வெங்காயமா உரிக்க முடியும்?"

"நேத்து மூலத்துக்கு அந்த இடத்துல தேம்பித் தேம்பி அழுதீங்களாம். மிஷினையே நிறுத்திட்டுத் தண்ணி குடுத்தாங்களாம்."

"அப்ப அது நல்ல படம். உன் படத்துல வர்ற அம்மாகிட்ட உசிரு இல்ல. வெறும் நடிப்பு."

அவன் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தார்கள்.

வடிவு வீட்டுக்கு வந்தபோது கணவர் தணிகாசலம் கூடத்தில் ஒரு புகைப்படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.

"கை கால் கழுவிட்டு வா வடிவு. பாப்பாவுக்குப் படைக்கணும்."

வடிவு படத்தைப் பார்த்தாள். யாழினி. பெற்ற மகள். குளத்தில் மூழ்கிப் போனவள். பெயர், முகம், போனது ஒரு வெள்ளிக்கிழமை என்பதுவரை எல்லாம் தெரிந்தது. அடுத்த தெருக் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

தணிகாசலம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வருஷா வருஷம் அவளைத்தான் அவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை அவள் பாட்டுக்கு நின்றாள்.

"என்ன வடிவு, அழக்கூட இல்ல நீ?"

அவள் நெற்றியில் பட்டை பதிந்த தடத்தைத் தடவினாள்.

"நேத்தே அழுதுட்டேனாம்ங்க. அங்க சொன்னாங்க."

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. பிள்ளைகள் நீரிலும் நெருப்பிலும் படாமல் வளரட்டும். போனவர்களுக்காகக் கலங்கும் கண் உங்கள் வீட்டில் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும்.